எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ரிப்போர்ட்டுக்கான காத்திருப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் 14 வருடமாக இந்த வேலை. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது பேரை டேபிளில் படுக்கவைக்கிறேன். உள்ளே போவதற்கு முன் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வெளியே வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: "என்ன தம்பி, ஏதாவது இருக்கா?" அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. மற்றவற்றுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல, வெளியே நிற்கும் வரிசை விடுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் என் அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிவந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானே காத்திருந்தேன். நகையைக் கழற்று, அசையாதே, மூச்சைப் பிடி என்று ஸ்கேனுக்கு ஆயிரம் சொல்லித்தரும் நாங்கள், அதற்கப்புறம் வரும் இரண்டு மூன்று நாளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே இதில் பாதி அந்த நாட்களைப் பற்றி.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு உண்டா?

எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் இருக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை. இங்கே வேலை செய்வது காந்தமும் ரேடியோ அலையும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தம் ஒழுங்குபடுத்துகிறது. ரேடியோ அலை அவற்றைக் கொஞ்சம் தட்டி விடுகிறது. பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை கொடுக்கும் மெல்லிய சமிக்ஞையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. எங்கள் மெஷினின் காந்த பலம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. அது அனுப்பும் அலை 64 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். உங்கள் ரேடியோவில் எஃப்.எம். 88இல் தொடங்குகிறது அல்லவா, அதற்குக் கொஞ்சம் கீழே.

தொடக்கத்தில் இதன் பெயரிலேயே 'அணுக்கரு' என்ற சொல் இருந்தது. மக்கள் அணுகுண்டை நினைத்துப் பயந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். 1977 ஜூலை 3ஆம் தேதி முதன்முதலாக ஒரு மனிதனின் மார்புப் பகுதியை இப்படிப் படம் எடுத்தபோது ஏறக்குறைய 5 மணி நேரம் பிடித்தது. இன்றைக்கு முதுகுக்கு 20 நிமிடம், அரை மணி.

சி.டி. எடுத்தாச்சே, எதற்கு மறுபடியும் எம்.ஆர்.ஐ.?

சி.டி. வேகமானது, எலும்பு முறிவு, ரத்தக்கசிவு, நுரையீரல் ஆகியவற்றுக்கு நல்லது. மூளை, தண்டுவடம், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது), நரம்பு, மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு என்று மென்மையான பாகங்களை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். ஒன்று தோற்று இன்னொன்றுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

தாலியைக் கழற்றியே ஆக வேண்டுமா?

ஆமாம். எங்கள் ஊர்ப்பக்கம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், மிகவும் வலியோடு கேட்கப்படுவதும் இதுதான்.

தங்கம் காந்தத்தில் ஒட்டாது, உண்மை. ஆனால் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு இரும்பு. கொக்கியிலும் திருகாணியிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், எந்த உலோகமானாலும் வளையமாக உடம்பில் கிடந்தால் ரேடியோ அலையில் சூடேறலாம். கழுத்தையோ நெஞ்சையோ எடுக்கும்போது அந்த இடத்தில் படம் கறுத்துக் குழி விழுந்துவிடும்.

எங்களிடம் வேலை பார்க்கும் அட்டெண்டர் அக்கா தன் டிராயரில் ஒரு கட்டு மஞ்சள் கயிறும் கொஞ்சம் விரலி மஞ்சளும் எப்போதும் வைத்திருப்பார். அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். "கட்டின நாள்லேருந்து கழற்றினதில்லை" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழவே இல்லை. அக்கா ஒன்றும் வாதாடவில்லை. மஞ்சளைக் கயிற்றில் முடிந்து, அவர் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் மனைவியின் கழுத்தில் அதைக் கட்டின பிறகுதான் சங்கிலி இறங்கியது. ஸ்கேன் முடியும்வரை அந்தப் பெரியவர் சங்கிலியைச் சட்டைப் பையில் போடவில்லை. கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுத்தபோது உள்ளங்கையில் சங்கிலிக் கண்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

நீங்கள் போகும் இடத்தில் இப்படி ஓர் அக்கா இல்லாமல் போகலாம். வீட்டிலிருந்தே கயிறும் மஞ்சளும் கொண்டு போய்விடுங்கள்.

வேறு எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

மூக்குத்தி, தோடு, வளையல், மெட்டி, மோதிரம், கொலுசு, அரைஞாண், தாயத்து, வாட்ச், பெல்ட். கொண்டைக்குள் புதைந்திருக்கும் ஹேர்பின்னைக் கேட்டால் "இல்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தலையைத் தடவிப் பார்த்தால் குறைந்தது இரண்டு கிடைக்கும். ஜாக்கெட்டின் உள்பக்க ஊக்கு, பிராவின் கொக்கி, பேன்ட் ஜிப் ஆகியவற்றுக்காகத்தான் உடையை மாற்றச் சொல்கிறோம். ஜரிகைப் புடவையிலும் உலோக இழை உண்டு. கண் மையில் இரும்புச் சேர்மம் இருந்தால் மூளைப் படத்தில் கண் பக்கம் சிதைந்து தெரியும், ஆகவே அன்றைக்கு மை வேண்டாம். கழற்றி மாட்டும் பல்செட்டும் காது மெஷினும் வெளியே இருக்கட்டும். செல்போனும் ஏ.டி.எம். கார்டும் உள்ளே போனால் பாழாகிவிடும்.

விரலில் இறுகிப்போன மோதிரமும் மெட்டியும் இருந்தால் முந்தின நாள் ராத்திரியே தேங்காயெண்ணெய் தடவிக் கழற்றி வையுங்கள்.

உடம்புக்குள்ளேயே உலோகம் இருந்தால்?

இதை மட்டும் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். ஒரு தடவை டாக்டரிடம், ஒரு தடவை எங்களிடம்.

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப் ஆகிய மூன்றும்தான் முதல் கவலை. இப்போது வரும் பேஸ்மேக்கர்களில் பல, சில நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ.க்குப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. ஆனாலும் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்ற அட்டையைப் பார்க்காமல் யாரும் உள்ளே விடக்கூடாது. இருதயத்தில் வைத்த ஸ்டென்ட், மாற்றிவைத்த மூட்டு, எலும்பில் போட்ட டைட்டேனியம் பிளேட், பல் அடைப்பு ஆகியவற்றுக்கு ஸ்கேன் பெரும்பாலும் தடையில்லை. பக்கத்தில் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். காப்பர்-டி போட்டிருந்தாலும் சொல்லுங்கள், அதற்கும் பெரும்பாலும் எடுக்கலாம்.

வெல்டிங், லேத், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். எப்போதோ கண்ணில் தெறித்த இரும்புத் தூள் உள்ளேயே தங்கியிருக்கலாம். காந்தம் அதை அசைத்தால் பார்வையே போய்விடலாம். 'அது இருபது வருஷத்துக்கு முந்தி' என்று விட்டுவிடாதீர்கள். சொன்னால் முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்.

மெஷின் ஓடாத நேரத்தில் உள்ளே போனால் ஒன்றும் ஆகாதுதானே?

ஆகும். இந்தக் காந்தத்துக்கு ஸ்விட்ச் போட்டு அணைக்கும் வழக்கம் கிடையாது. மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கும் மின்கம்பிச் சுருள் அது. ராத்திரி பூட்டிவிட்டுப் போனாலும், மின்சாரம் போனாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். அறைக்குள் போனால் 'சிக்... சிக்...' என்று குருவி கூப்பிடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குளிரைக் காக்கும் பம்ப் அது.

2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளிக்கான ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் போன உறவினர் ஒருவரைச் சிலிண்டரோடு சேர்த்து மெஷின் இழுத்துக்கொண்டது. அவர் இறந்துபோனார். உதவி செய்யப் போன மனிதர். வாசலில் நாங்கள் குரலை உயர்த்தினால் தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு வரலாமா? மாத்திரை போடலாமா?

தலை, முதுகு, மூட்டு என்றால் சாப்பிடலாம். வயிறு, பித்தப்பை என்றால் 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரை நோயாளிகள் காலையில் முதல் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான மாத்திரையை நிறுத்த வேண்டாம். படுப்பதற்கு முன் ஒரு தடவை பாத்ரூம் போய்விட்டு வாருங்கள்.

காண்ட்ராஸ்ட் ஊசி போடச் சொன்னால் புற்றுநோய் என்று அர்த்தமா?

இல்லை. கிருமித் தொற்று, நரம்பு அழற்சி, ஆபரேஷன் ஆன இடத்தில் இருப்பது தழும்பா, புதிதாகப் பிதுங்கிய டிஸ்க்கா என்று பார்ப்பது என அதற்குப் பல காரணங்கள் உண்டு. போடுவது, படத்தில் சில இடங்களை எடுப்பாகக் காட்டும் காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து. ஊசி ஏறும்போது கையில் சில்லென்று இருக்கும், சிலருக்கு வாயில் உலோக ருசி அடிக்கும், லேசாகக் குமட்டும். ஒவ்வாமை அரிது, முன்பு எப்போதாவது வந்திருந்தால் மறைக்காதீர்கள். சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் இந்த மருந்தில் சில வகை தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச்செய்யும் ஓர் ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம். அதற்காகத்தான் முன்கூட்டியே கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஊசியைக் கூடியமட்டும் தவிர்ப்பார்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கு: பாலில் இறங்குவது மிக மிகச் சொற்பம், பாலை நிறுத்தத் தேவையில்லை.

உள்ளே மூச்சு முட்டுமா? எனக்கு லிஃப்ட்டில் போனாலே பயம்.

குழாயின் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே காற்று வரும், விளக்கு இருக்கும். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். அதை அமுக்கினால் எங்கள் பக்கம் மணி அடிக்கும், நிறுத்திவிட்டு வெளியே எடுப்போம். இதெல்லாம் தெரிந்தும் பயம் வரும். வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீசை வைத்த ஆறடி மனிதர்கள் எழுந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பையன் தூங்கிப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவத்தில் பலித்த ஒரு வழி: டேபிள் நகர்வதற்கு முன்பே கண்ணை மூடுங்கள். உள்ளே போன பிறகு மூடுவது வேறு, மூடிக்கொண்டு போவது வேறு. மேற்கூரை மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு அதையே பிடித்துக்கொள்ளும். கண் மேல் ஒரு கைக்குட்டையை மடித்துப் போடச் சொல்லுங்கள். கூட வந்தவரை, அவரிடமும் உலோகம் இல்லையென்று பார்த்துவிட்டு, கால்மாட்டில் நின்று பாதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கச் சொல்லலாம். கேட்டால் பெரும்பாலும் விடுவோம்.

அந்த அரை மணியில் மனசுக்கு ஒரு வேலை வேண்டும். முதல் தடவை பாதியில் இறங்கிவிட்ட விவசாயி ஒருவர், இரண்டாம் தடவை அசையாமல் முழுசாகப் படுத்திருந்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "தோப்புல தெக்கு மூலையிலேருந்து ஒவ்வொரு தென்னையா எண்ணிட்டு வந்தேன் தம்பி. எந்த மரம் காய்ப்பு, எது வண்டு அடிச்சதுன்னு பார்த்துக்கிட்டே வந்தா, நூத்தி நாப்பதுல நீங்க வெளியே இழுத்துட்டீங்க" என்றார். அதற்கப்புறம் பயப்படுகிறவர்கள் யார் வந்தாலும் அவரவர்க்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை எண்ணச் சொல்கிறேன். புடவைக் கடையில் வேலை செய்யும் பெண் அடுக்கில் இருக்கும் புடவையை எண்ணினாள்.

எதுவும் சரிவரவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குப் போகலாம். சின்னக் குழந்தைகளுக்கு அப்படித்தான் எடுக்கிறோம்.

ஏன் அவ்வளவு சத்தம்?

பெரிய காந்தத்துக்குள் இன்னும் மூன்று கம்பிச் சுருள்கள் உண்டு. படத்தின் எந்தப் புள்ளி உடம்பில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவற்றில் மின்சாரத்தை நொடிக்குப் பல தடவை போட்டு நிறுத்துகிறோம். ஒவ்வொரு தடவையும் சுருள் காந்தத்தோடு மல்லுக்கட்டி அதிர்கிறது, ஒலிபெருக்கி அதிர்கிற மாதிரி. 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். சத்தம் மாறினால் மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை; அடுத்த வகைப் படத்துக்குப் போயிருக்கிறோம்.

செலவு?

தனியாரில் சென்டருக்கு சென்டர், உறுப்புக்கு உறுப்பு மாறும். காண்ட்ராஸ்ட் தனிக் கணக்கு. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் குறைவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்கள் ஸ்கேன் அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

"ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் ஏன் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்?

எனக்குப் படம் எடுக்கத்தான் படிப்பு. அதைப் படித்துச் சொல்வதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மூன்று வருடம் ரேடியாலஜி படித்தவர் இருக்கிறார். 14 வருடத்தில் கண் பழகியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் "ஒண்ணுமில்லை" என்று சொல்லி ரிப்போர்ட்டில் ஒன்று இருந்தால் உங்களுக்கு அது இரண்டு அடி. "இருக்கு" என்று சொல்லி இல்லாமல் போனால், நடுவில் நீங்கள் தூங்காத ராத்திரிக்கு யார் பதில் சொல்வது?

எங்கள் முகத்தைப் படிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் சிரிக்காமல் இருந்தால் மதியம் சாப்பிடவில்லை என்று அர்த்தம். உங்களை மறுபடி படுக்கவைத்தால், பெரும்பாலும் நீங்கள் அசைந்து படம் கலங்கியிருக்கும், இல்லையென்றால் டாக்டர் இன்னொரு கோணம் கேட்டிருப்பார்.

ரிப்போர்ட் தாமதமானால் பெரிய வியாதி என்று அர்த்தமா?

பலர் இப்படி நம்பிக்கொண்டு தவிக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மூளையில் ரத்தக்கசிவு, தண்டுவடம் நசுங்கியிருப்பது மாதிரி உடனே கவனிக்க வேண்டியது எதையாவது பார்த்தால் ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்கமாட்டார். அனுப்பிய டாக்டருக்கு அப்போதே போன் போகும். தாமதத்துக்குக் காரணம் அநேகமாக வரிசை. ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள். அவற்றைப் பார்த்து, சொல்லி, டைப் செய்து, திருத்தி, கையெழுத்தாக வேண்டும். சின்ன ஊர்களில் படங்களை இணையத்தில் வெளியூர் டாக்டருக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்குவதும் உண்டு. நடுவில் ஞாயிறு, பண்டிகை.

காத்திருக்கும் நாட்களை எப்படிக் கழிப்பது?

இதற்கு என் அம்மா கதையைத்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 68 வயது. ஒரு மாதமாகத் தலைவலி. டாக்டர் காண்ட்ராஸ்ட்டோடு மூளை எம்.ஆர்.ஐ. எழுதினார். எங்கள் மெஷின் அந்த வாரம் பழுது, அதனால் வேறொரு சென்டரில் சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தோம். ரிப்போர்ட் திங்கள் என்றார்கள். டாக்டர் செவ்வாய்தான் வருவார். படங்கள் பதிந்த சி.டி. தட்டு மட்டும் கையில் கொடுத்தார்கள்.

ராத்திரி 11 மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு அதை லேப்டாப்பில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ஊசிக்குப் பிறகு எடுத்த படத்தில், மண்டையோட்டின் உள்சுவரை ஒட்டிப் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒன்று. அதற்கப்புறம் போனில் தேடத் தொடங்கினேன். எதைத் தேடினாலும் மிக மோசமானதைத்தான் கண் பொறுக்கியெடுத்தது. ஆயிரக்கணக்கானவர்களைப் படம் எடுத்தவன் நான்; அந்த ஒரு படத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, "இன்னும் தூங்கலையா?" என்றார். ஆபீஸ் வேலை என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என் தலைதானேடா அது. எனக்குச் சொல்லாம நீ என்ன பார்த்துக்கிட்டிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் வைத்தார். "செவ்வாய்க்கிழமை டாக்டர் சொல்லட்டும். அதுவரைக்கும் அது உன் வேலையுமில்லை, என் வேலையுமில்லை" என்றார். இருந்தாலும் அன்றைக்கு அவரும் தூங்கவில்லை.

இதிலிருந்து நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது சில. ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே டாக்டரைப் பார்க்கும் நாளையும் குறித்துவிடுங்கள். முடிந்தால் ரிப்போர்ட் வரும் அன்றே. நாள் தெரியாத காத்திருப்புதான் ஆளை அரிக்கும். ரிப்போர்ட் வாங்குவது யார் என்று வீட்டில் ஒருவரை வையுங்கள். ராத்திரியில் திறக்க வேண்டாம், கேள்வி கேட்க யாரும் இல்லாத நேரம் அது. ஃபிலிமைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். துபாயிலிருக்கும் மச்சான் ஒன்று சொல்வார், பெரியப்பா ஒன்று சொல்வார். ஒரு காகிதத்தில் கேள்விகளை எழுதுங்கள்: இது என்ன, என் வலிக்குக் காரணம் இதுதானா, இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா, மறுபடி எப்போது பார்க்க வேண்டும். டாக்டர் அறையில் மறந்துபோகும்.

இன்னொன்று, இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நம் வீடுகளில் ரிப்போர்ட்டை நோயாளியிடம் மறைப்பது அன்பு என்று நினைக்கிறோம். அவர் கேட்டால் சொல்லிவிடுங்கள். அவர் காதுபடக் கிசுகிசுப்பதும், அவர் வந்ததும் பேச்சை மாற்றுவதும் அவரைத் தனியாக உட்காரவைக்கின்றன.

ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகள் பயமாக இருக்கின்றன.

கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்றொரு பகுதி இருக்கும். சாரம் அங்கேதான். மேலே இருப்பது டாக்டர் கண்ணில் பட்டது எல்லாம், அத்தனையும் நோயல்ல.

'அன்ரிமார்க்கபிள்' என்றால் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல செய்தி. அந்தச் சொல்லைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. 'ஹைப்பர் இன்டென்ஸ்' என்றால் அந்த இடம் படத்தில் வெளுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். 'லீஷன்' என்பது சுற்றியிருப்பதிலிருந்து வேறுபட்ட ஓர் இடம். நீர்க்கட்டியும் லீஷன், பழைய தழும்பும் லீஷன். முதுகெலும்பில் 'ஹீமாஞ்சியோமா' என்றிருந்தால் பெரும்பாலும் தொந்தரவு தராத ரத்தக்குழாய்த் திட்டு. மூளை ரிப்போர்ட்டில் வரும் 'மியூகோசல் திக்கனிங்' பெரும்பாலும் சளி பிடித்த சைனஸ். வயதானவர்களுக்கு 'ஸ்மால் வெசல் இஸ்கிமிக் சேஞ்சஸ்' என்று எழுதியிருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதுவே பக்கவாதம் அல்ல.

முதுகுக்கு எடுத்தவர்களை மிகவும் கலங்கவைப்பது 'டிஸ்க் பல்ஜ்', 'டிஜெனரேஷன்'. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தது. டிஸ்க் தேய்மானம் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு, 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. பல்ஜ், அதாவது டிஸ்க் பிதுக்கம், 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கு! பழைய வீட்டு நிலைப்படி கால் பட்டுப் பட்டுத் தேய்ந்திருப்பதைப் போன்றது இது. அதை வைத்து வீடு இடியப்போகிறது என்று சொல்ல முடியாது. பிதுங்கிய டிஸ்க் நாளடைவில் தானாகச் சுருங்குவதும் அடிக்கடி நடக்கிறது. உங்கள் கால் வலி அந்தப் பக்கத்து நரம்போடு பொருந்துகிறதா என்று கையால் தொட்டு, காலைத் தூக்கிப் பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை. ரிப்போர்ட்டில் 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று எழுதுவது இதைத்தான்.

எதற்கெல்லாம் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது?

முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, இடுப்புக்குக் கீழே உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது: அன்றைக்கே மருத்துவமனை. முகம் ஒரு பக்கம் கோணுவது, கை திடீரென்று தொங்குவது, பேச்சுக் குழறுவது: உடனே 108. இவை பக்கவாதத்தின் அறிகுறிகள்; மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதிலும் முந்தினால் நல்லது.

பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் வைத்திருங்கள், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் அவர் பார்க்க விரும்புவது அதைத்தான், மறுபடி காசு கொடுத்து எடுக்க வேண்டியிருக்காது. ஃபிலிமை மடிக்காமல், வெயில் படாமல் வையுங்கள்.

அம்மாவின் ரிப்போர்ட் திங்கள்கிழமை வந்தது. 'மெனிஞ்சியோமா' என்றிருந்தது, கூடவே 'பழைய படங்கள் இருந்தால் ஒப்பிடவும்' என்று ஒரு வரி. அன்று சாயங்காலம் மதுரைச் சித்தி போன் செய்தபோதுதான் ஞாபகம் வந்தது: ஆறு வருடத்துக்கு முன் அம்மா அவர் வீட்டிலிருந்தபோது தலைசுற்றலுக்கு ஓர் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தக் கவர் எங்கள் வீட்டு பீரோ மேல், பொங்கல் பானைக்கு அடியில் கிடந்தது. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அதே விஷயம் ஒரு வரியில் இருந்தது. நாங்கள் யாரும் இரண்டாம் பக்கம் படித்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் இரண்டு ஃபிலிமையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஸ்கேல் வைத்து அளந்தார். அதே இடம், அதே அளவு. மூளையைச் சுற்றியுள்ள உறையில் வருவது, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும், சிலருக்கு வளராமலே இருந்துவிடும் என்றார். ஆறு வருடமாக அசையாமல் இருப்பதை இப்போது தொட வேண்டாம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும் சொன்னார். தலைவலிக்கு வேறு மாத்திரை எழுதினார். மூன்று வாரத்தில் அது குறைந்தது.

இப்போது இரண்டு கவரும் பீரோவுக்குள், பட்டுப்புடவைகளுக்கு அடியில் மடிக்காமல் இருக்கின்றன. மேல் கவரில் அடுத்த ஸ்கேனுக்கான மாதத்தை அம்மா தன் கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்: தை.